தோல்வியில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? ஜெர்மன் பதக்கம் சேர்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களைத் தேடித் தேடி வாங்கி, துணி விரித்து அடுக்கி வைத்து, பூதக்கண்ணாடியும் கையுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நானும் உங்களில் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நாம் கூடும்போதெல்லாம் முதலில் பேச்சு ரிப்பன், முத்திரை, விலை என்று போகும். அப்புறம் யாராவது ஒருவர் போர் எப்படி முடிய வேண்டும் என்று ஆரம்பிப்பார். உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். எதிரியை அடியோடு நொறுக்கி நிபந்தனை இல்லாமல் சரணடைய வைக்க வேண்டும், முதல் உலகப் போரை 1918-இல் அரைகுறையாக விட்டதால்தான் 1939 வந்தது என்பது ஒரு கட்சி. தோற்றவனை அவமானப்படுத்தக் கூடாது, அந்தப் போரை முடித்த 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் கழுத்தை நெரித்ததால்தான் ஹிட்லர் வந்தான் என்பது இன்னொரு கட்சி. குரல்கள் உயரும். மேசையில் கிடக்கும் பதக்கங்களை அந்த நேரத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பதக்கங்கள்தான் இந்த வழக்கின் சாட்சிகள். வரிசையாக எடுத்து விசாரித்தால் அவை சொல்லும் பதில் இரண்டு கட்சிக்குமே முழுதாகப் பிடிக்காது. போரை நடத்தியவர்களே தோல்வியைத் தங்கள் கையால் ஒப்புக்கொள்ள வேண்டும், அதைத் தங்கள் மக்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது நடந்த பிறகு வென்றவர்கள் இரக்கம் காட்ட வேண்டும். முதலாவது நடக்காதபோது இரண்டாவதை எவ்வளவு காட்டினாலும், காட்டாவிட்டாலும், அமைதி நிலைப்பதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான ஆதாரம்.

தமிழ் பேசுகிறவர்கள் உட்கார்ந்து போரின் முடிவைப் பற்றிப் பேசினால் முள்ளிவாய்க்கால் நினைவுக்கு வராமல் இருக்காது. அந்தத் துயரத்தை ஜெர்மன் பதக்கத்தை வைத்து அளக்க நான் துணிய மாட்டேன். இந்த மடல் ஜெர்மனியோடு நிற்கிறது.

1866-இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யா ஏழு வாரத்தில் ஆஸ்திரியாவை வென்றது. அதற்கான நினைவுச் சிலுவை உங்களில் பலரிடம் இருக்கிறது. ஆஸ்திரியாவிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம் அது. கோனிக்ராட்ஸ் சண்டையில் நின்றவருக்குப் பின்பக்கம் "கோனிக்ராட்ஸ், 3 ஜூலை 1866" என்று இருக்கும். முன்பக்கத்துக் கைகளில் "கடவுள் நம்மோடு இருந்தார், அவருக்கே பெருமை" என்ற வாசகம். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அரசர் வில்ஹெல்முக்கு வியன்னாவுக்குள் படையோடு நுழைய ஆசை. கொஞ்சம் நிலமும் வேண்டும். அவருடைய பிரதமர் பிஸ்மார்க் விடவில்லை. ஆஸ்திரியா நாளைக்கு நமக்கு வேண்டிய நாடு, அதன் மனதில் ஆறாத புண்ணை வைக்காதீர்கள் என்று மல்லுக்கு நின்று, பட்டத்து இளவரசரையும் தன் பக்கம் இழுத்து, காரியத்தைச் சாதித்தார். பிரஷ்யா ஆஸ்திரியாவிடமிருந்து தனக்கென்று நிலம் எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்றே ஆண்டுகளில், 1879-இல், இரண்டு நாடுகளும் கூட்டாளிகளாகிவிட்டன.

இரக்கம் காட்டினால் அமைதி வரும் என்று வாதிடும் நண்பர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். சரிதான். ஆனால் அதே 1866-இல் ஹானோவர் என்ற இன்னொரு ஜெர்மன் அரசை பிரஷ்யா முழுதாக விழுங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹானோவர் படை லாங்கென்சால்சாவில் சண்டையில் ஜெயித்து, இரண்டு நாளில் சுற்றி வளைக்கப்பட்டு ஆயுதத்தைக் கீழே போட்டது. நாட்டை இழந்த கண் தெரியாத அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அந்தச் சண்டைக்காகத் தன் வீரர்களுக்குக் கொடுத்த பதக்கம் இன்றும் ஏலத்தில் வருகிறது. கொடுத்தவரின் நாடே இல்லாமல் போன பதக்கம் அது. 1866-இன் முடிவைப் பேசும்போது பிரஷ்யச் சிலுவைக்குப் பக்கத்தில் அதையும் வையுங்கள்.

அடுத்து 1870-71. பிரான்ஸை வென்ற போரின் நினைவுப் பதக்கமும் பீரங்கி வெண்கலம்தான். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் "பிடிபட்ட பீரங்கியிலிருந்து" என்று பொறித்திருக்கும். சண்டையில் நிற்காதவர்களுக்கு எஃகுப் பதக்கம். இதிலும் கடவுள் நம்மோடு இருந்தார் என்ற அதே வாசகம். பதக்கத்தை மட்டும் பார்த்தால் 1866-க்கும் 1871-க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் முடிவு நேர் எதிர். அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் பறிக்கப்பட்டன. 500 கோடி ஃபிராங்க் தண்டம் விதிக்கப்பட்டது. தோற்ற நாட்டின் வெர்சாய் அரண்மனையில், கண்ணாடி மண்டபத்தில், 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. பிரான்ஸ் தண்டத்தைக் கெடுவுக்கு முன்பே 1873-இல் கட்டி முடித்தது. மண்டபத்தை மட்டும் மறக்கவில்லை. 1919-இல் பாரிஸ் அமைதி மாநாடு தொடங்கிய நாள் அதே ஜனவரி 18. ஜெர்மனி கையெழுத்திட வேண்டிய இடமும் அதே மண்டபம்.

சரி, இனி 1914. இரும்புச் சிலுவையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1813 மார்ச் 10 அன்று, மறைந்த அரசி லூயிசேயின் பிறந்தநாளில், நெப்போலியனை எதிர்த்த போருக்காக மூன்றாம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் நிறுவியது. கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவம் கொடுத்தார். தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே சிலுவை என்பது அன்றைக்குப் புதுமை. கறுப்பு இரும்பு நடுவில், இரண்டு பக்கமும் வெள்ளிச் சட்டம் வைத்துப் பற்றவைத்திருக்கும். காந்தத்தில் ஒட்டாவிட்டால் நாம் முகம் சுளிப்போம், ஒரே வார்ப்பாக இருந்தால் போலி என்று ஒதுக்குவோம். 1813-இல் எண்ணி எண்ணிக் கொடுத்தது, முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் 50 லட்சத்துக்கு மேல் போனது. வீட்டிலிருந்த பெண்களும் விடுபடவில்லை. தங்கத்தைக் கொடுத்துவிட்டு இரும்பை வாங்கிக்கொண்டதற்கு 1916 என்று பொறித்த இரும்புப் பதக்கம் கிடைத்தது. அதுவும் நம் பெட்டிகளில் இருக்கிறது, விலையே இல்லாமல்.

சென்னையோடு ஒட்டிய ஒரு சிலுவையும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பலுக்கு, அதன் தலைவன் ஃபான் முல்லருக்கு மட்டுமல்லாமல் கப்பலுக்கே, இரும்புச் சிலுவை கிடைத்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அது முடிந்தது. சிதைந்த எம்டனிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களுக்கு மேலே ஒரு கிரீடம் வைத்து, சிட்னி கப்பல் மாலுமிகளுக்குப் பதக்கமாகக் கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் எம்டன் கதையைப் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் இரண்டாவது ஒரு எம்டன் கட்டப்பட்டு, அதன் முன்முனையில் பழைய கப்பலின் நினைவாக இரும்புச் சிலுவை பொருத்தப்பட்டது. போர் நின்ற பிறகு ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் சிறைப்பட்ட ஜெர்மன் கடற்படையின் தலைவர் ரியூட்டர் அந்த எம்டனில்தான் இருந்தார். 1919 ஜூன் 21 அன்று கப்பல்களையெல்லாம் மூழ்கடிக்கச் சொல்லி ஆணையிட்டது அங்கிருந்துதான். 74 கப்பலில் 52 மூழ்கின. அந்தக் குழப்பத்தில் சுடப்பட்டு ஒன்பது ஜெர்மன் மாலுமிகள் இறந்தார்கள். சண்டை நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது.

இப்போது 1918-க்கு வருகிறேன். என் மடலின் கனம் முழுவதும் இங்கேதான்.

அந்த ஆண்டு மார்ச் 3 அன்று காயப் பதக்கம் நிறுவப்பட்டது. மெல்லிய இரும்புத் தகட்டில் அழுத்திய ஹெல்மெட் உருவம், ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், அதற்கு மேல் பொன் நிறம். அதே மார்ச் 3 அன்றுதான் ஜெர்மனி ரஷ்யாவைப் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. போலந்து, பால்டிக் நிலங்கள், உக்ரைன் எல்லாம் ரஷ்யாவின் கையை விட்டுப் போயின. வெர்சாய் கொடுமை என்று கண் கலங்கும் நண்பர்களே, அதற்கு ஏறக்குறைய பதினாறு மாதம் முன்னால் ஜெர்மனி தான் தோற்கடித்த நாட்டுக்கு என்ன செய்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வெர்சாயை மட்டும் பேசுவது பாதி உண்மைதான்.

அதே மார்ச் 25 அன்று ஜெர்மன் படைத் தலைவர் ஹிண்டன்பர்குக்கு இரும்புச் சிலுவையின் பெரிய நட்சத்திரம் சூட்டப்பட்டது. பொன் கதிர்களுக்கு நடுவே சிலுவை. அதற்கு முன் ஒரே ஒருவருக்குத்தான் அது கிடைத்திருந்தது, நெப்போலியனை வாட்டர்லூவில் முடித்த பிரஷ்யத் தளபதி ப்ளூஷருக்கு. ஹிண்டன்பர்குக்குக் கொடுத்தது எதற்கு? அப்போதுதான் தொடங்கியிருந்த வசந்தகாலத் தாக்குதலுக்கு. அந்தத் தாக்குதல் கோடைக்குள் ஓய்ந்துவிட்டது. போரே முடியாமல், வெற்றியே வராமல், வெற்றி நட்சத்திரம் மார்பில் ஏறிவிட்டது.

செப்டம்பர் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பாவில் இருந்த தலைமையகத்தில், ஹிண்டன்பர்கோடு சேர்ந்து போரை நடத்திய தளபதி லூடன்டார்ஃப் வேறு குரலில் பேசினார். உடனே போர் நிறுத்தம் கேட்க வேண்டும், தாமதித்தால் படை தாங்காது என்று ஜெர்மன் பேரரசர் கெய்சரிடம் சொன்னார். கூடவே, நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். ஏன் என்று அதிகாரிகளிடம் அவர் விளக்கியதை ஃபான் தேயர் என்ற அதிகாரி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம்மை இந்த நிலைக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான், இந்தக் கஞ்சியை அவர்களே குடிக்கட்டும் என்பது சாரம். இரண்டு ஆண்டுக்கு மேல் போரை நடத்தியவர் வாயிலிருந்து வந்த பேச்சு இது. அக்டோபர் 2 அன்று கட்சித் தலைவர்களிடம் உண்மை நிலவரம் சொல்லப்பட்டபோது அவர்கள் அதிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத்தான் நாடே நம்பிக்கொண்டிருந்தது.

நவம்பர் 11 விடியற்காலையில் பிரான்ஸின் கொம்பியேன் காட்டில், ரயில் பெட்டியில், போர் நிறுத்தத்தில் ஜெர்மன் குழுவின் தலைவராகக் கையெழுத்திட்டவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர். கத்தோலிக்க மத்தியக் கட்சிக்காரர், சீருடை அணியாத அரசியல்வாதி. ஒரு ராணுவத் தளபதியும் ஒரு கடற்படை அதிகாரியும் உடன் இருந்தார்கள். உண்மைதான். ஆனால் ஹிண்டன்பர்க் அங்கே இல்லை. லூடன்டார்ஃப் ஏற்கெனவே பதவி விலகி, அதே மாதத்தில் மாறுவேடத்தில் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 10 அன்று பெர்லினுக்குத் திரும்பிய படைகளை வரவேற்ற ஏபெர்ட், புதிய அரசின் தலைவர், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்றார். களைத்து வந்தவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லியிருப்பார். அந்த ஆறுதல் அவர் ஆட்சிக்கே உலையாக வந்தது. மறு ஆண்டு நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் ஹிண்டன்பர்க், ஜெர்மன் படை பின்னாலிருந்து, சொந்த நாட்டுக்குள்ளிருந்தே, குத்தப்பட்டது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை ஒரு பேரரசின் தளபதி ஒரு நாட்டுக்கே செய்து காட்டினார். 1921 ஆகஸ்ட் 26 அன்று கறுப்புக் காட்டுப் பகுதியில் நடந்துகொண்டிருந்த எர்ட்ஸ்பெர்கரை வலதுசாரிக் கும்பல் சுட்டுக் கொன்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஹிண்டன்பர்கோ 1925-இல் அதே குடியரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கிறதே, பதக்கம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இங்கே வருகிறது.

புதிய குடியரசின் 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியல் சட்டம், 109-ஆம் பிரிவில், அரசு விருதுகளும் பதக்கங்களும் வழங்கக் கூடாது என்று தடை செய்தது. முடியாட்சி மினுமினுப்பு வேண்டாம் என்ற நல்ல எண்ணம். ஆனால் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆண்கள் போருக்குப் போய் வந்த நாட்டில், நீ போனாய், பட்டாய், தோற்றோம், ஆனாலும் உன்னை மறக்கவில்லை என்று சொல்ல அந்த அரசிடம் ஒரு தகடு கூட இல்லை. அந்த இடத்தில் முன்னாள் வீரர் சங்கங்கள் புகுந்தன. க்யூஃப்ஹாய்சர் சங்கம் வெளியிட்ட 1914-18 நினைவுப் பதக்கம் அதில் ஒன்று. விண்ணப்பித்துக் காசு கொடுத்தால் கிடைக்கும். உங்களில் யாரும் அதை மதிப்பதில்லை, அதிகாரபூர்வம் அல்ல என்று கழித்துவிடுவீர்கள். சில்லறைப் பெட்டியில் கலந்து கிடக்கும்.

அதை எடுத்துப் படியுங்கள். நான்கு ஆண்டுக்கு மேல் உலகமே பகையாக நின்றபோதும் தாங்கிய போராட்டத்திலிருந்து நிமிர்ந்தும் பெருமையோடும் வெளியேறுகிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஹிண்டன்பர்க் சொன்ன வார்த்தை. தோல்வி என்ற சொல் எங்கும் இல்லை. நாங்கள்தான் போர் நிறுத்தம் கேட்டோம் என்று இல்லை. ஒரு பொய் நாணயம் போல அச்சடிக்கப்பட்டு, சட்டையில் குத்தி, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் தெருத்தெருவாக நடந்தது. இரும்புச் சிலுவையை விட, ஏன் அந்தப் பொன் நட்சத்திரத்தை விடவும், இந்த மலிவான பதக்கம்தான் 1918 எப்படி முடிந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய ஆவணம் என்பேன். இரண்டாம் உலகப் போரின் விதை எது என்று கேட்டால் நான் வெர்சாயின் ஷரத்துகளைக் காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் காட்டுவேன்.

1934 ஜூலை 13 அன்று கடைசியில் அரசே ஒரு சிலுவை கொடுத்தது. நிறுவியவர் ஹிண்டன்பர்க். போரைத் தோற்றவர் அந்தப் போருக்கான பதக்கத்தைத் தன் பெயரில் நிறுவினார். வாளோடு இருப்பது போர்முனையில் நின்றவருக்கு, வாள் இல்லாதது மற்றப் படையினருக்கு, கறுப்பு அரக்குப் பூசியது விதவைகளுக்கும் பெற்றோருக்கும். மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 80 லட்சம். விண்ணப்பித்தவருக்கெல்லாம் கொடுத்தார்கள். மலிந்துபோனதால் நாமும் பொருட்படுத்துவதில்லை.

என்னிடம் ஒரு விதவையின் சிலுவை அதன் சான்றிதழோடு இருக்கிறது. சிலுவை இலேசானது, உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. நடுவில் 1914, 1918 என்ற இரண்டு எண்கள், சுற்றி இலை மாலை, பின்பக்கம் வெறுமை. விளிம்பில் அரக்கு உதிர்ந்து இரும்பு துருப்பிடித்திருக்கிறது. காகிதத்தின் தலைப்பில் "ஃபியூரரும் ரைஷ் சான்சலருமானவரின் பெயரால்" என்று அச்சிட்டிருக்கிறது. ஹிண்டன்பர்க் அந்த ஆகஸ்ட் 2 அன்று இறந்துவிட்டதால், அவர் நிறுவிய சிலுவைகள் ஹிட்லர் பெயரால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண் கணவனை இழந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாடு தன்னை நினைத்துப் பார்க்க அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது, நினைத்தபோது வந்தது இந்தப் பெயரோடு.

இந்தக் காகிதங்களில் மனதை அறுப்பது யூத வீரர்களுடையவை. ஜெர்மன் யூதர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் முதல் உலகப் போரில் பணியாற்றினார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களும் 1934-க்குப் பிறகு ஹிட்லர் பெயரால் இந்தக் கௌரவச் சிலுவையைப் பெற்றார்கள். 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையையே பறித்தன. யூதர்கள்தான் முதுகில் குத்தினார்கள் என்ற பொய்க்கு அவர்கள் கையிலிருந்த சிலுவையே மறுப்பு. ஹிட்லருக்கு 1918 ஆகஸ்டில் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை கிடைக்கப் பரிந்துரைத்த ரெஜிமென்ட் அதிகாரி ஹூகோ குட்மானே ஒரு யூதர். பின்னால் அவர் நாட்டை விட்டுத் தப்பி ஓட வேண்டி வந்தது.

இப்போது நம் விவாதத்துக்கு வருவோம். 1918 அக்டோபர் 30 அன்று அமெரிக்கத் தளபதி பெர்ஷிங், போர் நிறுத்தம் வேண்டாம், நிபந்தனையற்ற சரணடைவு வரை போவோம் என்று எழுதினார். நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஃபோஷ், நாம் கேட்டது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சொட்டு இரத்தமும் சிந்த யாருக்கும் உரிமை இல்லை என்ற நிலையில் இருந்தார். பெர்ஷிங்தான் சரி என்று உங்களில் பாதிப்பேர் சொல்கிறீர்கள். நான் ஃபோஷ் பக்கம். நவம்பர் 11 அன்று, கையெழுத்தான பிறகு காலை 11 மணி வரை ஓடிய அந்த நேரத்தையும் சேர்த்து, ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்னும் ஆறு மாதம் போர் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. சண்டையை நிறுத்தியதில் தவறு இல்லை. எர்ட்ஸ்பெர்கரோடு ஹிண்டன்பர்கும் அந்த ரயில் பெட்டிக்குள் வர வேண்டும் என்று நேச நாடுகள் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கிழவரின் கையெழுத்து அந்தத் தாளில் இருந்திருந்தால் க்யூஃப்ஹாய்சர் பதக்கத்தில் அந்த வாசகத்தை எழுத எவருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

1943 ஜனவரியில் காசாப்ளாங்காவில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நிபந்தனையற்ற சரணடைவு என்று அறிவித்ததற்குப் பின்னால் 1918-இன் பாடம் இருந்தது. 1945 மே 7 அன்று ரெய்ம்ஸில் ஜெர்மன் ஜெனரல் யோடல் கையெழுத்திட்டார். மறுநாள் பின்னிரவில் பெர்லின் கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் ஃபீல்டு மார்ஷல் கைட்டெல் கையெழுத்திட்டார். இந்த முறை அரசியல்வாதி எவரையும் முன்னே தள்ளிவிட முடியவில்லை. முதுகில் குத்தினார்கள் என்று 1945-க்குப் பிறகு ஜெர்மனியில் பெரிய இயக்கம் எதுவும் எழவில்லை. பெர்ஷிங் கட்சி நண்பர்களுக்கு இந்த இடத்தை நான் மனதார விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் அதன் விலையையும் பாருங்கள். ரூடிகர் ஓவர்மான்ஸ் என்ற வரலாற்றாளர் கணக்கிட்டபடி 1945 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் சுமார் 4.5 லட்சம் ஜெர்மன் வீரர்கள் இறந்தார்கள். அதே மாதங்களில் வதைமுகாம்களிலிருந்து பனியில் நடத்திச் செல்லப்பட்ட கைதிகள் வழியெங்கும் செத்து விழுந்தார்கள். இதற்கு முழுப் பொறுப்பும் தோல்வி உறுதியான பிறகும் போரை இழுத்த ஹிட்லர் ஆட்சியினுடையது. அடியோடு நொறுக்கு என்று நாம் மேசையைத் தட்டிச் சொல்லும்போது, நொறுங்குவதற்கு எவ்வளவு காலம் ஆகும், அதுவரை யார் யார் சாவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1945-க்குப் பிறகான அமைதி சரணடைவால் மட்டும் நிலைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1953-இல் லண்டன் கடன் ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியின் கடன் பாரத்தைப் பெருமளவு இறக்கி வைத்தார்கள். முதல் உலகப் போர் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3 அன்றுதான் கட்டப்பட்டது. யாரும் அதற்காக எந்தத் தெருவிலும் கொடி எரிக்கவில்லை. தோற்றோம் என்று தெரிந்த மக்களிடம் காட்டிய இரக்கம் பலித்தது. 1920-களில் தவணையைக் குறைத்தபோதும் ஒத்திவைத்தபோதும் பலிக்காததற்குக் காரணம், நாம் தோற்கவே இல்லையே, எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்ட கூட்டம் அங்கே நின்றதுதான்.

மூன்றாவது ஒரு பொன் நட்சத்திரமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் வெற்றிக்கென்று செய்யப்பட்டு, யாருக்கும் சூட்டப்படாமல், அமெரிக்கர்கள் கையில் சிக்கி, இப்போது வெஸ்ட் பாயின்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வேண்டாம் நண்பர்களே. அது மார்பில் ஏறியிருந்தால் ஐரோப்பாவில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள் என்பதைத்தான் அந்த நட்சத்திரம் சொல்கிறது. ஜெர்மனியிலேயே 1957-இல் வந்த சட்டம், நாஜி காலத்துப் பதக்கங்களை ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டும் அணிய அனுமதித்தது. ஏலப் பட்டியல்களில் அந்த அடையாளத்தின் மேல் ஒட்டு வைத்துத்தான் அச்சிடுகிறார்கள். நம் நாட்டில் அந்தச் சட்டம் இல்லை என்பதற்காக நாம் அதைக் கண்ணாடிப் பேழையின் நடுவில் விளக்குப் போட்டு வைக்க வேண்டியதில்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை. சான்றிதழோடு வரும் பதக்கத்தைப் பிரித்து விற்காதீர்கள். பதக்கத்துக்கு ஒருவர், காகிதத்துக்கு ஒருவர் என்று கொடுத்தால் இரண்டு விலை கிடைக்கும், தெரியும். ஆனால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய பெயரால் என்ற செய்தி முழுவதும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரே பட்டியில் தைத்த பதக்கங்களை அவிழ்க்காதீர்கள். இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் க்யூஃப்ஹாய்சர் பதக்கத்தையும் சேர்த்துத் தைத்துக்கொண்டவர் தன் போர் எப்படி முடிந்ததாக நம்பினார் என்பதை அந்தப் பட்டி காட்டுகிறது. மலிவான பதக்கம் என்று அதைக் கழற்றி எறிந்தால் சாட்சி போய்விடும். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், கறுப்பு அரக்கு போனால் விதவையின் சிலுவையும் மற்றதும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் பெட்டியில் ஒவ்வொரு பதக்கத்துக்கும் சீட்டு எழுதி வைக்கிறீர்கள். நிறுவிய ஆண்டு, செய்தவர் முத்திரை, உலோகம், வகுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அதன் கீழே ஒரு வரி கூட்டுங்கள். அந்தப் போர் எந்த நாளில், எந்த இடத்தில், யார் கையெழுத்தில் முடிந்தது என்று எழுதுங்கள். 1914 சிலுவைகளின் கீழே எர்ட்ஸ்பெர்கரின் பெயர் வரட்டும். அடுத்த முறை கூடும்போது விவாதத்தை அந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு தொடங்குவோம். பெர்ஷிங் கட்சி நண்பர்களுக்கு மறுப்பு இருந்தால் அப்போது சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு சேகரிப்பாளன்